அரிசிக் கதையை அரசன் மயங்கும் இடத்தில் நிறுத்தாதீர்கள்

பத்தாம் வகுப்புக்குக் கணிதம் நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியப் பெருமக்களுக்கு,



பெருக்குத் தொடர் நடத்தும்போது நீங்கள் சொல்லும் அரிசிக் கதை எனக்கும் பிடிக்கும். சதுரங்கத்தைக் கண்டுபிடித்தவர், அல்லது அம்பலப்புழைப் பக்கம் சொல்வதுபோல முனிவர் வேடத்தில் வந்த கண்ணனே, அரசனிடம் பரிசு கேட்கிறார். முதல் கட்டத்துக்கு ஓர் அரிசி, அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்ததற்கு நான்கு, இப்படியே அறுபத்து நான்கு கட்டத்துக்கும். இவ்வளவுதானா என்று அரசன் சிரிக்கிறான். பாதிப் பலகை தாண்டுவதற்குள் களஞ்சியக் காவலன் ஓடி வருகிறான். நீங்கள் கரும்பலகையில் 2⁶⁴ − 1 என்று எழுதி, பக்கத்தில் 1,84,46,74,40,73,70,95,51,615 என்று நீட்டுகிறீர்கள். வகுப்பு வாயைப் பிளக்கிறது. பாடவேளை முடிந்துவிடுகிறது.

முடிந்துவிடுகிறதே என்பதுதான் என் குறை. அந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதிய பிறகுதான் கணக்கே ஆரம்பிக்கிறது.

எண் எவ்வளவு பெரியது என்று காட்ட நாம் படும் பாடு கொஞ்சமல்ல. ஓர் அரிசி 25 மில்லிகிராம் என்றால் பலகைக்கு வேண்டியது 46,000 கோடி டன். உலகம் ஆண்டுக்கு ஏறத்தாழ 50 கோடி டன் அரிசி விளைவிக்கிறது. ஆகவே தொள்ளாயிரம் ஆண்டு விளைச்சல். சரி. மாணவர் “அடேயப்பா” என்கிறார். அதற்குமேல் அவர் செய்ய ஒன்றும் இல்லை. இந்த எண்ணோடு இரண்டைக் கூட்டினாலும் அதே தொள்ளாயிரம் ஆண்டுதான், ஏழைக் கழித்தாலும் அதே தொள்ளாயிரம் ஆண்டுதான். பெரிதாக இருப்பது இதன் தனிக்குணமே அல்ல. இருபது இலக்க எண்கள் எத்தனையோ கிடக்கின்றன. உள்ளே திறந்து பார்த்தால்தான் இதற்கும் அதன் அண்டை எண்களுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு தெரியும். எத்தனை மூட்டை என்று கேட்பதை விட்டுவிட்டு, காரணிகள் என்ன என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்த மடல்.

எண்ணைக் கண்டுபிடிப்பதிலிருந்தே தொடங்கலாம். ஒவ்வொரு கட்டமாக இரட்டித்துக்கொண்டு போக வேண்டியதில்லை. 2-இன் வர்க்கம் 4. 4-இன் வர்க்கம் 16. பிறகு 256, 65,536, 4,29,49,67,296. இன்னும் ஒரு தடவை வர்க்கமாக்கி ஒன்றைக் கழித்தால் எண் கையில். ஆறே பெருக்கல், கடைசிப் பெருக்கல் மட்டும் வியர்க்க வைக்கும். பொ.ஆ. 1000 வாக்கில் அல்பிரூனி, பல நாட்டுக் காலக்கணக்குகளைத் தொகுத்த தம் நூலில், இப்படி வர்க்கமாக்கும் வழியில்தான் சதுரங்கக் கணக்கைப் போட்டுக் கடைசி இலக்கம்வரை சரியாகச் சொன்னார். அவருக்குப் பல நூற்றாண்டு முன்பே பிங்கலரின் யாப்பு நூலில் இந்த உத்தி இருக்கிறது. ஓர் அடியில் குறிலும் நெடிலும் எத்தனை வகையாக அமையலாம் என்று எண்ணுவதற்கு அவர் சொன்ன வழி: அசைகளின் எண்ணிக்கையைப் பாதியாக்கிக்கொண்டே போ; பாதியாக முடிந்த இடத்தில் வர்க்கம், முடியாத இடத்தில் ஒன்றைக் கழித்துவிட்டு இரட்டிப்பு. 64-க்கு இதைச் செய்தால் 32, 16, 8, 4, 2, 1 என்று தடங்கலே இல்லாமல் பாதியாகிறது. பலகை எண்ணின் அழகெல்லாம் இந்தத் தடங்கலில்லாத பாதியாதலில்தான் இருக்கிறது.

காரணிகளுக்கு வருவோம். கடைசி இலக்கம் 5, ஆகவே 5-ஆல் வகுபடும். இலக்கங்களைக் கூட்டினால் 87, ஆகவே 3-ஆல் வகுபடும், 9-ஆல் வகுபடாது. இதுவரை எந்த மாணவரும் சொல்லிவிடுவார். அதற்குமேல் இருபது இலக்க எண்ணை 7, 11, 13 என்று வகுத்துப் பார்க்கச் சொன்னால் வகுப்பு தூங்கிவிடும். நடுநிலைப் பள்ளியிலேயே படித்த ஒரு முற்றொருமையை அப்போது நினைவூட்டுங்கள்: இரு வர்க்கங்களின் வித்தியாசம், கூட்டல் ஒரு பக்கமும் கழித்தல் ஒரு பக்கமுமாகப் பிரியும். 2⁶⁴ என்பது 2³²-இன் வர்க்கம். 1 என்பது 1-இன் வர்க்கம். எனவே நம் எண் (2³² + 1) × (2³² − 1). வலப்பக்கத்தில் இருப்பதும் இரு வர்க்கங்களின் வித்தியாசம்தான், அதுவும் பிரியும். அதற்குள் இருப்பதும் பிரியும். ஆறு தடவை பிரித்து முடிக்கும்போது கரும்பலகையில் நிற்பது இதுதான்:

3 × 5 × 17 × 257 × 65,537 × 4,29,49,67,297.

நீள்வகுத்தல் ஒன்றுகூடப் போடவில்லை என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். இந்த இடத்தில் ஒரு நிமிடம் பேசாமல் நில்லுங்கள் என்று கேட்டுக்கொள்வேன். ஆனால் உங்கள் வகுப்பறையை என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். நான் ஆசிரியன் இல்லை. கணிதம் படித்துவிட்டு வேறு வேலைக்குப் போய், எண்களோடு உள்ள பழக்கத்தை மட்டும் விடாதவன்.

இந்த ஆறு எண்களும் ஒரே குடும்பம். ஒன்றை எடுத்து, அதில் 1 கழித்து, வர்க்கமாக்கி, 1 கூட்டினால் அடுத்தது வரும். 5-இலிருந்து 4, 16, 17. 17-இலிருந்து 16, 256, 257. இவற்றுக்கு ஃபெர்மா எண்கள் என்று பெயர். பிரான்சின் தூலூஸ் நகரில் நீதிமன்றப் பதவியில் இருந்துகொண்டே கணிதம் செய்த ஃபெர்மா, 1640-இல் எழுதிய கடிதங்களில் இவை எல்லாமே பகா எண்கள் என்று தமக்குத் தோன்றுவதாகச் சொன்னார். நிறுவல் இல்லை என்பதையும் ஒப்புக்கொண்டார். 3, 5, 17, 257, 65,537 வரை அவர் சொன்னது சரி. ஆறாவதாக நிற்கும் 4,29,49,67,297 ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் யாருக்கும் பிடிகொடுக்கவில்லை. 1729 டிசம்பரில் கோல்ட்பாக் ஒரு கடிதத்தில் ஃபெர்மாவின் இந்தக் கருத்தைக் குறிப்பிட்டு ஆய்லரின் அபிப்பிராயத்தைக் கேட்டார். ஆய்லர் அப்போது செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த இருபத்திரண்டு வயதுக்காரர். 1732-இல் விடை வந்தது: 641 × 67,00,417. ஃபெர்மா சொன்னது தப்பு.

எண்ணைப் போட்டு உடைத்தார் என்று நினைத்துவிட வேண்டாம். இந்த எண்ணுக்குப் பகாக் காரணி இருந்தால் அதை 64-ஆல் வகுக்க மீதி 1 வந்தே ஆக வேண்டும் என்று ஆய்லர் பின்னாளில் நிறுவினார். அப்படிப்பட்ட பகா எண்களை வரிசையாக எழுதினால் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது முயற்சியிலேயே எண் விழுந்துவிடுகிறது. 1878-இல் லூகாஸ் என்ற பிரெஞ்சுக்காரர் இதை இன்னும் இறுக்கினார்: 64 அல்ல, 128-ஆல் வகுத்தாலே மீதி 1 வர வேண்டும். அப்போது மிஞ்சுவது 257-உம் 641-உம்தான். அந்த 257-உம் ஃபெர்மா குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்தில் இரண்டுக்குப் பொதுக் காரணி இருக்க முடியாது (ஏன் என்று கீழே வருகிறது). ஆக முதல் அடியிலேயே 641.

641 வகுக்கிறது என்பதை வகுக்காமலே காட்டலாம். பத்தாம் வகுப்பில் எண்களும் தொடர்வரிசைகளும் என்ற பாடத்திலேயே மட்டு எண்கணிதமும் இருக்கிறது. அதற்குப் பாடப்புத்தகம் தரும் கணக்குகள் பெரும்பாலும் கிழமை, மணி பார்க்கும் கணக்குகள். இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை. 641 என்பது 640 + 1, அதாவது 5 × 2⁷ + 1. எனவே 641-இன் கணக்கில் 5 × 2⁷ என்பது −1-க்குச் சமானம். நான்காம் அடுக்குக்கு உயர்த்துங்கள்: 5⁴ × 2²⁸ என்பது 1-க்குச் சமானம். அதே 641, 625 + 16-உம் ஆகும், அதாவது 5⁴ + 2⁴. எனவே 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴ போடலாம். போட்டால் −2³² என்பது 1-க்குச் சமானம். அப்படியானால் 2³² + 1 என்பது 0-க்குச் சமானம். 641 அதை மீதியின்றி வகுக்கிறது. நான்கு வரி. 641-ஐ 5, 2 ஆகிய இரண்டையும் கொண்டு இருவிதமாக எழுத முடிந்தது தற்செயல்தான். ஆனால் அந்தத் தற்செயலைப் பயன்படுத்திக்கொள்ளும் சாமர்த்தியம் பத்தாம் வகுப்பு மாணவருக்கு ரசிக்கும்.

ஆகப் பலகை எண் ஏழு பகா எண்களின் பெருக்கல்: 3, 5, 17, 257, 641, 65,537, 67,00,417. ஒன்றுகூட இரண்டு தடவை வரவில்லை. எனவே வகுக்கும் எண்கள் மொத்தம் 2⁷, அதாவது 128.

இதே பலகைக்கு இன்னும் மூன்று கட்டம் இருந்ததென்று வைத்துக்கொள்ளுங்கள். 67 கட்டம். மொத்த அரிசி 2⁶⁷ − 1. எட்டு மடங்கு பெரியது, அவ்வளவே. ஆனால் 67 பகா எண். பாதியாக்கவும் முடியாது, வேறு எப்படியும் பங்கிட முடியாது. நம் முற்றொருமை அங்கே வாயடைத்துப் போகிறது. இந்த எண் பகா எண் என்று 1644-இல் மெர்சென் எழுதிவைத்தார். இல்லை என்று 1876-இல் நிறுவியவர் மேலே சொன்ன அதே லூகாஸ், ஆனால் காரணிகள் எவை என்று அவராலும் சொல்ல முடியவில்லை. 1903-இல்தான் அமெரிக்கரான கோல் அவற்றைக் கண்டார்: 19,37,07,721 × 7,61,83,82,57,287. நியூயார்க்கில் கூடிய கணிதக் கழகக் கூட்டத்தில் அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் கரும்பலகையில் பெருக்கிக் காட்டிவிட்டு உட்கார்ந்ததாகச் சொல்வார்கள். 64 கட்டத்துக்குக் கால் மணி நேரம் போதும்; 67 கட்டத்துக்கு இருநூற்றைம்பது ஆண்டுகள் தேவைப்பட்டன. அளவுக்கும் கடினத்துக்கும் சம்பந்தமில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

வெகுதூரம்கூடப் போக வேண்டாம். இரண்டைக் கூட்டிப் பாருங்கள். 1,84,46,74,40,73,70,95,51,617. இது ஃபெர்மா குடும்பத்தின் ஏழாவது உறுப்பினர், 2⁶⁴ + 1. பலகை எண் முதல் ஆறு ஃபெர்மா எண்களின் பெருக்கல். ஏழாவது அதைவிடச் சரியாக 2 அதிகம். இதைத்தான் கீழே வருகிறது என்றேன். முந்தைய ஆறில் ஒன்றுக்கும் ஏழாவதுக்கும் பொதுக் காரணி இருந்தால், அது பெருக்கலையும் வகுக்கும், பெருக்கலோடு 2 சேர்ந்ததையும் வகுக்கும். ஆகவே 2-ஐயும் வகுக்க வேண்டும். எல்லாமே ஒற்றை எண்கள், முடியாது. இதே காரணம் குடும்பம் முழுவதற்கும் பொருந்தும், ஏனென்றால் எந்த ஃபெர்மா எண்ணும் தனக்கு முந்தையவை எல்லாவற்றின் பெருக்கலைவிட 2 அதிகம். அப்படியென்றால் ஒவ்வொரு ஃபெர்மா எண்ணும் அதுவரை வராத ஒரு பகா எண்ணைக் கொண்டுவந்தே தீரும். குடும்பத்துக்கு முடிவில்லை; பகா எண்களுக்கும் முடிவில்லை. 1730-இல் கோல்ட்பாக் ஆய்லருக்கு எழுதிய கடிதத்தில் இருக்கும் வாதம் இது. யூக்ளிடின் நிறுவலோடு இதையும் சேர்த்துச் சொன்னால், ஒரே உண்மைக்கு இரண்டு வாசல் உண்டு என்று மாணவருக்குப் புரியும்.

அந்த ஏழாவது எண்ணின் காரணிகள் 2,74,177-உம் 6,72,80,42,13,10,721-உம். 1880-இல் இவற்றை வெளியிட்ட லாந்திரிக்கு அப்போது வயது 82. அவருக்கு முன்பே 1855-இல் கிளாசன் என்பவர் காஸுக்கு எழுதிய கடிதத்தில் இதே காரணிகளைக் குறிப்பிட்டிருந்தார், ஆனால் ஒரு நூற்றாண்டுக்கும் மேல் அதை யாரும் கவனிக்கவில்லை. ஒரே அரிசிக் குவியல், இரண்டே மணி வித்தியாசம். ஒன்றை முற்றொருமை தெரிந்த சிறுவர் பிரித்துவிடுவார். மற்றொன்றுக்குக் கிழவர் ஒருவரின் பிடிவாதம் தேவைப்பட்டது.

இனி பாதிப் பலகை. கதையில் அரசன் முகம் மாறும் அந்த 32-ஆம் கட்டத்தில் நின்று இதுவரை வந்த அரிசியைக் கூட்டினால் 4,29,49,67,295. அது 3 × 5 × 17 × 257 × 65,537. ஆய்லர் உடைத்த எண் மறுபாதிக்குப் போய்விட்டது. இங்கே இருப்பவை ஐந்தும் அசல் பகா எண்கள். இந்த ஐந்துக்கும் வடிவியலில் ஓர் இடம் உண்டு. 1796-இல், பத்தொன்பது வயது நிறையாத காஸ், அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு பதினேழு பக்க ஒழுங்குப் பலகோணம் வரைய முடியும் என்று கண்டார். கிரேக்கர் காலத்துக்குப் பிறகு அந்தத் துறையில் அசைந்த முதல் கல் அது. பக்கங்களின் எண்ணிக்கை ஒற்றை எண்ணாக இருந்தால், அது வெவ்வேறு ஃபெர்மாப் பகா எண்களின் பெருக்கலாக இருக்கும்போது வரையலாம் என்று காஸ் காட்டினார். வேறு எதையும் வரைய முடியாது என்பதை 1837-இல் வான்ட்செல் நிறுவினார். நமக்குத் தெரிந்த ஃபெர்மாப் பகா எண்கள் இன்றுவரை அந்த ஐந்துதான். ஆறாவதிலிருந்து தொடர்ந்து பல எண்களைச் சோதித்துவிட்டார்கள். எல்லாம் பகு எண்களாகவே இருக்கின்றன. ஆகவே இப்போதைக்கு, அளவுகோலும் கவராயமும் கொண்டு வரையத்தக்க, ஒற்றைப்படைப் பக்கங்கள் கொண்ட பலகோணங்களில் மிகப் பெரியதற்கு எத்தனை பக்கம் என்று கேட்டால் விடை, பாதிப் பலகையின் அரிசி: 4,29,49,67,295.

அதை யாரும் வரையப் போவதில்லை. ஆனால் 65,537 பக்கத்துக்கு ஜெர்மானியரான ஹெர்மெஸ் பத்து ஆண்டு உழைத்து 1894-இல் முடித்த செய்முறை, கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஒரு பெட்டி நிறையக் காகிதமாக இருக்கிறது. எதற்காக என்று கேட்கும் மாணவர் உங்கள் வகுப்பில் இருப்பார். அவரிடம் நேர்மையாகச் சொல்லிவிடுங்கள்: எதற்கும் இல்லை.

வரையத்தக்க அந்த ஒற்றைப்படை எண்களை எல்லாம் ஒரே இடத்தில் பார்க்க வேறொரு வழி உண்டு. அதை நான் மிகவும் விரும்புகிறேன். பாஸ்கல் முக்கோணத்தை எழுதுங்கள். பத்தாம் நூற்றாண்டில் பிங்கலருக்கு உரை எழுதிய ஹலாயுதர் மேரு என்று விவரித்த அதே முக்கோணம். அதில் ஒற்றை எண் இருக்கும் இடத்தில் 1, இரட்டை எண் இருக்கும் இடத்தில் 0 என்று போட்டு, ஒவ்வொரு வரிசையையும் ஓர் இரும எண்ணாக வாசியுங்கள். 1, 11 என்றால் 3, 101 என்றால் 5, 1111 என்றால் 15, 10001 என்றால் 17, பிறகு 51, 85, 255, 257. முதல் வரிசையை விட்டுவிட்டால், 32-ஆம் வரிசைவரை வரும் முப்பத்தொரு எண்களும் அளவுகோல்–கவராயத்துக்கு அடங்கும் ஒற்றைப்படைப் பலகோணங்கள். தெரிந்தவை அத்தனையும் இங்கே ஏறுவரிசையில் வந்துவிடுகின்றன. 32-ஆம் வரிசையில் எல்லாம் 1. அது பாதிப் பலகை. 33-ஆம் வரிசையில் இரு ஓரத்திலும் மட்டும் 1, நடுவில் எல்லாம் 0: அதன் மதிப்பு 4,29,49,67,297, ஃபெர்மாவைக் கவிழ்த்த எண். அங்கே ஒழுங்கு முறிகிறது. 64-ஆம் வரிசைக்குப் போனால் மறுபடியும் அறுபத்து நான்கு இடத்திலும் 1. அதுதான் நம் பலகை எண். ஒரு சார்ட் தாளில் மாணவர்களே எழுதி வண்ணம் தீட்டலாம். கூட்ட வேண்டிய எண்கள் பெரிதாகும் என்ற கவலை வேண்டாம். ஒற்றையா இரட்டையா என்பதை மட்டும் கூட்டிக்கொண்டு வந்தால் போதும்.

மற்றக் கட்டங்களையும் விட்டுவிட வேண்டாம். எந்தெந்தக் கட்டத்தில் நிறுத்தினால் அதுவரை வந்த மொத்தம் பகா எண்ணாக இருக்கும்? 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 61. ஒன்பதே இடங்கள். பகா எண்ணான கட்டத்தில்தான் இது நடக்கும், ஆனால் எல்லாப் பகா எண்ணிலும் நடக்காது: 11-ஆம் கட்டத்தில் மொத்தம் 2,047, அது 23 × 89. 31-ஆம் கட்டத்து 2,14,74,83,647 பகா எண் என்று 1772-இல் காட்டியவரும் ஆய்லர். 61-ஆம் கட்டத்தை மெர்சென் தம் பட்டியலில் தவறவிட்டார். 23,05,84,30,09,21,36,93,951 பகா எண்தான் என்று 1883-இல் நிறுவியவர் உரால் பகுதியில் தேவாலயம் ஒன்றில் பாதிரியாராக இருந்த பெர்வூஷின். இந்த ஒன்பது கட்டங்களில் ஒன்றில் நின்று, அந்தக் கட்டத்து அரிசியையும் அதுவரை வந்த மொத்தத்தையும் பெருக்கச் சொல்லுங்கள். 2 × 3 = 6. 4 × 7 = 28. 16 × 31 = 496. 64 × 127 = 8,128. தன்னைத் தவிர்த்த காரணிகளைக் கூட்டினால் தானே திரும்ப வரும் செவ்விய எண்கள். இந்தப் பெருக்கலை யூக்ளிடே சொல்லியிருக்கிறார், சதுரங்கப் பலகை இல்லாமல்.

லூகாஸைப் பற்றி இன்னொரு செய்தி. ஹனாய் கோபுரம் என்ற பொம்மையை 1883-இல் புனைபெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். காசியில் ஒரு கோயிலில் 64 பொன் வட்டுகளை ஒரு கம்பத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள், முடிந்தால் உலகம் முடியும் என்ற கதை அந்தப் பொம்மையோடு பிரான்சில் கிளம்பியது. வேண்டிய நகர்த்தல்கள் நம் எண்ணேதான். நொடிக்கு ஒன்று என்றால் 58,000 கோடி ஆண்டுக்கு மேல். இதுவும் அளவைக் காட்டும் கதையே என்பதால் இத்தோடு விடுகிறேன்.

கணினியில் இந்த எண்ணை மாணவர்கள் எப்படியும் சந்திப்பார்கள். 64 பிட்டும் 1 ஆக இருக்கும்போது கிடைக்கும் முழு எண் இதுதான். அதோடு ஒன்றைக் கூட்டினால், பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் காட்டி ஒன்பதுகளைக் கடந்ததும் சுழியத்துக்குத் திரும்புவதுபோல, எல்லாம் 0 ஆகிவிடும். கழித்தல் குறிக்கு ஒரு பிட் ஒதுக்கினால் உச்சம் 92,23,37,20,36,85,47,75,807, அதாவது 63 கட்டங்களின் அரிசி. 2014 டிசம்பரில், கங்னம் ஸ்டைல் பாட்டைப் பார்த்தவர் எண்ணிக்கை 2,14,74,83,647-ஐத் தாண்டிவிட்டதால் கணக்கை 64 பிட்டுக்கு மாற்றியதாக யூடியூப் அறிவித்தது. 31-ஆம் கட்டம் நிரம்பி வழிந்த செய்தி அது. மாணவர்கள் அந்தப் பாட்டை மறந்திருக்கலாம், உங்களுக்கு நினைவிருக்கும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். எக்செல்லில் 2⁶⁴-இலிருந்து 1-ஐக் கழித்துப் பார்க்காதீர்கள். பதினைந்து இலக்கத்துக்கு மேல் அது நினைவில் வைப்பதில்லை. 1,84,46,74,40,73,70,96,00,000 என்று காட்டும். ஐந்து சுழியத்தில் முடியும் இரட்டை எண்! அளவை மட்டும் பார்ப்பவருக்கு இது சரியான விடை. காரணி தேடுபவருக்குக் குப்பை. பைத்தானில் முழு எண்கள் முழுதாகவே இருக்கும். பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் மாணவர் ஒருவரைப் பிடித்தால் ஒரு வரியில் போட்டுத் தருவார்.

பாடத்திட்டம் முடிக்கவே நேரமில்லை, பொதுத்தேர்வு வருகிறது என்பீர்கள். நியாயம். நான் கேட்பது ஒரே ஒரு பாடவேளை. தொடர்வரிசை, மட்டு எண்கணிதம், காரணிப்படுத்தல் மூன்றுக்கும் அது திருப்புதலாகிவிடும். களஞ்சியம், மூட்டை, லாரி எல்லாவற்றையும் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டு முற்றொருமைக்குப் போய்விடுங்கள். முதல் ஆறு காரணிகளையும் வகுப்பே பிரிக்கட்டும். 641-ஐ மட்டும் நீங்கள் கொடுங்கள். நான்கு வரி நிறுவலை ஒரு மாணவர் எழுதட்டும்.

வீட்டுப்பாடத்துக்கும் ஒன்று மிச்சமிருக்கிறது. 67,00,417 பகா எண்தானா என்று ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். அதன் பகாக் காரணிகளும் 128-ஆல் வகுக்க மீதி 1 தர வேண்டியவை. அதன் வர்க்கமூலம் 2,589-க்குள் அடங்கும். அந்த எல்லைக்குள் அப்படிப்பட்ட பகா எண்கள், 257-ஐ விட்டுவிட்டால், நான்கே நான்கு: 641, 769, 1,153, 1,409. நான்கு நீள்வகுத்தல். மீதி முறையே 44, 120, 334, 622 வர வேண்டும். வேறு ஏதாவது வந்தால் மறுபடியும் போடச் சொல்லுங்கள்.

அன்புடன்,
கணிதம் படித்துவிட்டு வேறு வேலைக்குப் போன ஒருவன்